வீட்டை விட்டுப் போகும் தண்ணீர்

சென்னையில் ஒரு பழைய வீட்டிலிருந்து மூன்று வகைத் தண்ணீர் வெளியேற வேண்டும். மொட்டைமாடியிலும் முற்றத்திலும் விழும் மழைநீர் ஒன்று. குளியலறையிலும் அடுக்களையிலும் புழங்கிய தண்ணீர் ஒன்று. கழிப்பறையிலிருந்து போவது மற்றொன்று. மழைநீர் தெருவோர வடிகாலுக்குப் போக வேண்டும்; அது பெரும்பாலும் மாநகராட்சியின் பொறுப்பு. மற்ற இரண்டும் பாதாளச் சாக்கடைக்குப் போக வேண்டும். அது 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை வராத இடங்களில் செப்டிக் டேங்க் இருக்கும். காகிதத்தில் கணக்கு இவ்வளவுதான். ஐம்பது, அறுபது வருடம் ஆன வீடுகளில் இந்த மூன்று தண்ணீரும் எங்கோ ஓரிடத்தில் கலந்திருக்கும். எங்கே கலந்தது, யார் காலத்தில் கலந்தது என்பது விற்பவருக்கே பல சமயம் தெரியாது.

வீடு வாங்க வருகிறவர் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. மெட்ரோ தண்ணீர் வருகிறதா, போர் எத்தனை அடி, கிணறு கோடையில் வற்றுமா, உப்பா நல்ல தண்ணீரா என்று விசாரணை நீளும். எல்லாம் வருகிற தண்ணீரைப் பற்றியவை. வில்லங்கம் பார்க்க வக்கீல் உண்டு, மூலை பார்க்க வாஸ்துக்காரர் உண்டு, சுவரைத் தட்டிப் பார்க்க மேஸ்திரி உண்டு. போகிற தண்ணீரைப் பார்க்க யாரையும் யாரும் அழைத்து வருவதில்லை. சாக்கடையைப் பற்றி விசாரிப்பது நல்ல காரியத்துக்கு நடுவே அபசகுனமாகப் பேசுவதுபோல் கூச்சம் தருகிறது. அந்தக் கூச்சத்தின் விலையைப் பிற்பாடு மழைக்காலந்தோறும் தவணையில் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டை அல்ல, நிலத்தை. சென்னை தட்டையான நகரம். பல பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு மூன்றும் கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டாலோ, கடல் ஏற்றமாக இருந்தாலோ, ஆறு வடியத் தாமதமாகும். ஆறு வடியாவிட்டால் கால்வாய் வடியாது, கால்வாய் வடியாவிட்டால் தெருவோர வடிகால் வடியாது. கடைசியாக நிற்பது வீட்டு வாசல். ஒரு தெருவில் புத்தம் புதிய கான்கிரீட் வடிகால் இருப்பதால் மட்டும் அங்கே தண்ணீர் நிற்காது என்று சொல்லிவிட முடியாது. அந்த வடிகால் எங்கே போய் விழுகிறது, விழுமிடம் அதைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நகரத்தின் கணிசமான பகுதி ஒருகாலத்தில் ஏரியாக இருந்தது. தியாகராய நகர் 1920-களில் நீண்ட ஏரி என்று அழைக்கப்பட்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்றால் தெரிவது பைக்குகளும் அடுக்குமாடிகளும்தான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரிப் பரப்பில். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி வீட்டுமனையானது. மனுஷன் ஏரியை மறந்துவிடலாம். தண்ணீர் பள்ளத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தாழ்ந்த இடங்களுக்கே முதலில் வந்தது.

நிலத்தின் பழைய கதை வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இருக்கிறது. பட்டா நகலோடு நின்றுவிடாமல், ஏ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நன்செய்யா புன்செய்யா என்று பார்ப்பது நல்லது. நன்செய் என்றால் ஏரிப் பாசனத்தில் இருந்த வயல். ஏரி மதகைவிடத் தாழ்வாக இருந்தால்தானே பாசனம் நடந்திருக்கும். புல வரைபடத்தில் பக்கத்து எண்கள் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து, தரையில் போய்ப் பார்க்கும்போது வாய்க்காலைக் காணோம் என்றால், அந்த வாய்க்காலின் தண்ணீர் இப்போது யார் வீட்டு வழியாகப் போகிறது என்று யோசிக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் இது எதுவும் வராது. அதில் கடனும் கிரயமும்தான் வரும்.

பதிவேட்டுக்கு அடுத்த சாட்சி தெரு. விற்பவர், தரகர் இருவரையும் தவிர்த்துவிட்டு இஸ்திரி வண்டிக்காரரிடம், எதிர்வீட்டுப் பாட்டியிடம், முனையில் உள்ள மளிகைக் கடையில் கேட்டால் போதும். "இங்க தண்ணி நிக்குமாண்ணே?" என்று கேட்டால், "சேச்சே, நம்ம தெருல நிக்காது" என்று ஊர்ப் பெருமையாகப் பதில் வரும். "பதினஞ்சுல எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். கேள்வியை வருடத்தோடு கேட்பதில்தான் சூட்சுமம். வீட்டுக்குள்ளும் தடயங்கள் உண்டு. மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருப்பது, கீழ்ப் பிளக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு இடுப்பு உயரத்தில் புதிதாக வைத்திருப்பது, வாசற்படியில் அடி உயரத்துக்குக் குறுக்குச் சுவர் எழுப்பியிருப்பது, சம்ப் மூடியைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டியிருப்பது எல்லாம் அனுபவப்பட்ட குடும்பத்தின் வேலைகள்.

நிலம் தாழ்வாக இல்லாத இடங்களிலும் வீடுகள் பள்ளத்தில் கிடப்பதற்குக் காரணம் சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, தெரு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்கிறது. மூன்று படி ஏறிப் போன திண்ணை வீடு, மூன்று படி இறங்கிப் போகிற வீடாகிறது. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுத வேண்டிவந்தது. அதற்கு முன்பே உயர்ந்த தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. தெரு உயரும்போது வடிகாலும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டப்படும். பிறகு வீட்டிலிருந்து வெளியே போக வேண்டிய குழாய், வடிகாலுக்குக் கீழே இருக்கும். தண்ணீர் போவதற்குப் பதில் வரும்.

இதற்குச் சென்னையில் நடக்கும் வைத்தியங்கள் இரண்டு. வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது ஒன்று. அஸ்திவாரத்தைத் துண்டு துண்டாகத் தோண்டி, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைச் சொருகி, எல்லாவற்றையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூன்று நான்கு அடி உயர்த்துகிறார்கள். வட மாநிலங்களிலிருந்து வரும் ஆட்கள் இந்த வேலையில் பேர்போனவர்கள். கான்கிரீட் பெல்ட் போட்ட வீட்டுக்கு இது ஒத்துவரும். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்கு எல்லோரும் துணிந்து செய்வதில்லை. இன்னொன்று, தரையை மட்டும் இரண்டடி நிரப்பி உயர்த்துவது. செலவு குறைவுதான். ஆனால் நிலைவாசலில் தலை இடிக்கும், ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிடும், பழைய தரைக்கடியில் ஓடும் குழாய்கள் இரண்டடி ஆழம் கூடுதலாகப் புதைந்துவிடும். அடுத்து வாங்குகிறவருக்கு அந்தக் குழாய்கள் இருப்பதே தெரியாது.

இனி வீட்டுக்குள் வரலாம். மேலிருந்து தொடங்குவது வசதி. 1950-களுக்கு முன் கட்டிய வீடுகளில் பலவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாட்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்த தளம். நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் தாங்கும். அதன் உயிர்நிலை, சட்டங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம். தண்ணீர் வெளியேறும் வாய் அடைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் தண்ணீர் நின்றால், அந்த முனைதான் முதலில் ஊறும். உளுத்தது வெளியே தெரியாது. வர்ணம் அடித்த சட்டத்தின் நடுப்பகுதி கல்லுமாதிரி இருக்கும். மாடிக்குப் போகும்போது காட்சியைப் பார்க்காமல் மூலைகளைப் பார்க்க வேண்டும். பாசி படிந்த அரைவட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் தேங்குகிறது. அதற்கு நேர் கீழே உள்ள அறையில் சட்ட முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க விற்பவர் அனுமதிக்காவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். 9,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் இரண்டரை. இது எங்கே போகிறது? 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த வருடம் ஆகஸ்டு இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு இருந்ததால், அவசரத்தில் போட்ட குழாய்கள் ஏராளம். பல வீடுகளில் நீல நிறக் குழாய் ஒன்று மாடியிலிருந்து இறங்கி, தரையில் ஒரு சிமெண்ட் மூடிக்குள் மறையும். மூடியைத் திறந்தால் உள்ளே மண் நிரம்பியிருக்கும், அல்லது குழாய் வாய் அந்தரத்தில் நிற்கும். இதைவிடக் கெடுதலான ஏற்பாடு, மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடைச் சேம்பரில் கொண்டுபோய் விடுவது. ஒருவர் செய்தால் தெரியாது. தெருவே செய்யும்போது, கழிவுநீருக்கென்று அளவெடுத்துப் போட்ட குழாய் மழையில் நிரம்பி, எல்லோர் வீட்டு மழையும் தெருவில் தாழ்வான வீட்டின் கழிப்பறைக் கோப்பை வழியாக மேலே வரும். பழைய வீடு பெரும்பாலும் தாழ்வான வீடாகவே இருக்கும் என்பதால், அடுத்தவர் செய்த தவறை வாங்கிக்கொள்கிற வீடும் அதுவே.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களின் ஒட்டு வீடுகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டு போகும் வீடுகள் அவை. இரு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. நடுவில் முற்றம். முற்றத்துத் தண்ணீர் ஒரு மூலையில் உள்ள தூம்பு வழியாகத் தரைக்கடியில் இறங்கும். கழிப்பறை கொல்லைக் கோடியில். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் பின்புறச் சந்து வழியாக ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவார். வீட்டுக்குள் அவர் வரக் கூடாது என்பதற்காகவே அந்தச் சந்து. பிறகு பாதாளச் சாக்கடை வந்தது. பல தெருக்களில் அது முன்புறத்தில் வந்தது. கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பறையை இடம் மாற்றாமல், அங்கிருந்து தெருவரை, அடுக்களை, முற்றம், கூடம், ரேழி எல்லாவற்றுக்கும் கீழாகக் குழாய் போட்டார்கள். பல வீடுகளில் பூஜை அறைக்கடியிலும் போகும். ஜாதி போட்ட வரைபடத்தின் மேல் நகராட்சி தன் குழாயைப் போட்டதன் விளைவு இது. இன்று அந்தக் குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போனாலும் நடுக்கூடத்தைத் தோண்டியாக வேண்டும்.

அந்தக் காலத்துக் குழாய்கள் ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட களிமண் குழாய்கள். பெரும்பாலும் இரண்டடி நீளத் துண்டுகள். எண்பதடி வீட்டுக்கு நாற்பது மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் கயிற்றுச் சணலைத் திணித்து சிமெண்ட் கலவை பூசியிருப்பார்கள். குழாய் கெடுவதில்லை, மூட்டுதான் கெடும். கெட்ட மூட்டின் ஈரத்தை மோப்பம் பிடித்து வேர் வரும். மயிரிழையாக நுழைந்து, உள்ளே போனபின் துடைப்பம்போல் விரியும். அடைப்பு எடுக்கிறவர் கம்பி விட்டுக் குத்தினால் ஆறு மாதத்துக்குச் சரியாகும்; வேர் மறுபடி தளிர்க்கும். வாசலிலோ கொல்லையிலோ அரசும் வேம்பும் செழித்து நிற்கிற வீட்டில், மரம் எதைக் குடித்துச் செழிக்கிறது என்று பார்ப்பது தப்பில்லை.

குழாயின் சரிவு அடுத்த விஷயம். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி, ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓரடி என்பது கட்டட வேலையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. கொல்லையிலிருந்து தெருவரை எண்பதடி என்றால் நான்கு அங்குலக் குழாய் இரண்டடி இறங்க வேண்டும். தெருச் சாக்கடை அத்தனை ஆழத்தில் இல்லாத இடங்களில் மேஸ்திரி சமாளித்துச் சரிவைக் குறைத்திருப்பார். சரிவு குறைந்தால் தண்ணீர் போகும், திடப்பொருள் தங்கும். சரிவு வேண்டுமென்று அளவுக்கு மீறிக் கூட்டினாலும் நல்லதல்ல.

இதையெல்லாம் தரையைத் தோண்டாமல் அறிய முடியும். வாசலுக்கு அருகில் உள்ள கடைசிச் சேம்பரின் மூடியைத் தூக்கச் சொல்ல வேண்டும். அது கடப்பாரை வைத்து நெம்பினால்தான் வருகிறது என்றால் வெகுகாலமாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். விளிம்பில் புதுச் சிமெண்ட் இருந்தால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது. உள்ளே அடியில் அரைவட்ட வாய்க்கால், இரு பக்கமும் அதை நோக்கிச் சரிந்த பூச்சு. நல்ல சேம்பரில் வாய்க்கால் மட்டும் நனைந்து, சரிவுப் பூச்சு காய்ந்திருக்கும். சுவரில் கறுப்பு வளையம் இருந்தால் அந்த உயரம் வரை கழிவுநீர் நின்றிருக்கிறது. வளையம் மூடிக்கு அருகில் இருந்தால் அது வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. பிறகு கொல்லைக் குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீரில் துணிச் சாயம் கலந்து ஒரே வீச்சில் ஊற்றி, சேம்பரில் நிறம் எவ்வளவு நேரத்தில் வருகிறது, எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்று பார்க்கலாம். வெளுத்து, இழுத்து, கொஞ்சமாக வந்தால் மீதி நிறம் தரைக்கடியில் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேம்பரில் நிறம் வந்த கதைகளும் உண்டு.

பாடப்புத்தகச் சோதனைகள் இன்னும் துல்லியமானவை. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறிய பந்து ஒன்றை மேல்முனையில் உருட்டிவிட்டால், தடை இல்லாத குழாயில் அது கீழ்முனைக்கு வந்து சேரும். இரு சேம்பருக்கு இடையே ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் கண்ணாடியும் பிடித்தால், நேராக இருக்கும் குழாயின் முழு வட்டம் கண்ணாடியில் தெரியும். எங்காவது தொய்ந்திருந்தால் பிறையாகத் தெரியும். இப்போது கேமரா விட்டுப் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அதற்கு ஆகும் செலவு வக்கீலின் கருத்துரைக் கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்காது.

நாற்றமும் ஒரு சாட்சியம். ஒவ்வொரு கழிநீர் வாயிலும் டிராப் என்ற வளைவு உண்டு. அதில் எப்போதும் இரண்டு அங்குல அளவுக்காவது நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராமல் தடுக்கிறது. வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றி நாற்றம் வருவது இயல்பு. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். ஊற்றியும் நிற்காவிட்டால் காற்றுக் குழாயைப் பார்க்க வேண்டும். மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்த வார்ப்பிரும்புக் குழாயை, மேலே இன்னொரு அறை கட்டும்போது யாரோ அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டி அடைத்திருப்பார்கள். வீடு பார்க்கப் போகும் நேரத்தில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் கொஞ்சம் அதிகமாக மணந்தால் பக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் இன்னொரு நாள் சொல்லாமல் போய்வரலாம். இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட், அல்லது பழைய சுவரில் திடீரென்று நான்கடி டைல்ஸ் ஒட்டியிருப்பது, ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரை மறைக்கும் வேலை. பழைய சுவர்களில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. அடியில் கசியும் குழாய் இருந்தால் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வறண்ட மாதத்திலும் ஓதம் காயாத சுவருக்குக் காரணம் மழையாக இருக்க முடியாது.

நகரத்தின் வெளிவட்டத்தில் கதை வேறு. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. தெருவில் குழாய் புதைத்திருப்பதும் வீட்டுக்கு இணைப்பு இருப்பதும் ஒன்றல்ல. வரி ரசீது வேறு, இணைப்பு வேறு. இணைப்புக்கான அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு இல்லாத வீட்டில் எண்பதுகளில் கட்டிய செப்டிக் டேங்க் இருக்கும். பலருக்கு அது ஒரு குழி. முறையான செப்டிக் டேங்க் குழி அல்ல. அதில் சேறு அடியில் தங்க, எண்ணெய்ப்பசை மேலே மிதக்க, நடுவில் தெளிந்த நீர் மட்டும் வெளியேறி, உறைகள் இறக்கிய உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். தெளிந்தது என்றாலும் கிருமி போகாத நீர். மீதி வேலையை மண் செய்ய வேண்டும்.

மண் எல்லா இடத்திலும் அந்த வேலையைச் செய்யாது. களிமண் நிலத்தில் தண்ணீர் இறங்காது. கடற்கரையோர மணலில் வேகமாக இறங்கி, சுத்தமாவதற்குள் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்தால் எந்த மண்ணானாலும் உறிஞ்சு குழி தானே நிரம்பி நிற்கும். மார்ச்சில் நன்றாக வேலை செய்த டேங்க் நவம்பரில் பின்வாங்குவது இதனால்தான். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 40-க்கு 60 அடி என்ற வழக்கமான ஒரு கிரவுண்டு மனையின் நீண்ட பக்கமே 18 மீட்டருக்குச் சற்று மேல்தான். அரை கிரவுண்டு மனைகள் வரிசையாக உள்ள தெருவில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் இருந்தால், தரநிலை எவர் வீட்டிலும் நிறைவேறியிருக்க வாய்ப்பில்லை. கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, மலக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது சுருக்கமான வழி. பரிசோதிப்பது சொந்த வீட்டுக் கிணற்றை என்றாலும், முடிவு சொல்வது அண்டை வீட்டுக் குழியைப் பற்றியதாக இருக்கலாம்.

டேங்கைக் கடைசியாக எப்போது லாரி வைத்து எடுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதே முறை. "இருபது வருஷமா எடுக்கவே இல்ல சார், அவ்வளவு நல்ல டேங்க்" என்று பெருமையாகச் சொன்னால், அது டேங்க் அல்ல, அடி ஓட்டையான குழி. டேங்க் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கார் நிறுத்தும் இடத்துக்கடியில், அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, மூடியே தெரியாமல் இருக்கும் வீடுகள் உண்டு. பின்னால் கட்டிய அறையின் தரைக்கடியில் இருப்பதும் உண்டு. லாரிக் குழாய் எட்டாத இடத்தில் டேங்க் இருந்தால், கடைசியில் மனிதரை இறக்குவதில் போய் முடியும்.

இந்த இடத்தில் வடிகால் விவகாரம் கட்டடக் கலையை விட்டு விலகுகிறது. செப்டிக் டேங்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடியதும் மூக்கு மரத்து, நாற்றம் நின்றுபோனதுபோல் தோன்றும். அடுத்த மூச்சில் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை எல்லோருக்கும் தடை செய்கிறது. வீட்டு உரிமையாளருக்கு விலக்கு இல்லை. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. இறங்குகிறவர் எந்தச் சாதி என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லாரி போக முடியாத டேங்க் உள்ள வீட்டை வாங்குகிறவர், டேங்கை மாற்றிக் கட்டுவதற்கான செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். அதை வேறொருவர் தலையில் தள்ளிவிடலாம் என்று நினைத்து வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

மீதி இருப்பது அண்டை வீடு. பழைய வீட்டின் இறவாரத் தண்ணீர் பக்கத்து மனையில் விழும். பக்கத்து வீட்டுச் சாக்கடை இந்த வீட்டுக் கொல்லை வழியாகப் போகும். பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட வீடுகளில் இது நிச்சயம். சுவரைப் பிரிக்க முடிந்தவர்களால் குழாயைப் பிரிக்க முடிந்திருக்காது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் விழும் தண்ணீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதைப் பள்ளத்துக்காரர் தடுக்க முடியாது. கழிவுநீர்க் குழாய்போலச் செயற்கையாக ஏற்பட்ட வழிக்கு, இருபது ஆண்டு காலம் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாக அனுபவித்திருந்தால் பாத்தியம் கோரலாம். கிரயப் பத்திரத்தில் "மாமூல் வழிநடை, நீர்வழி, சகல ஈஸ்மெண்ட் பாத்தியங்கள் உட்பட" என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். பத்திர எழுத்தர் எல்லாப் பத்திரத்திலும் போடும் வரி அது. அதற்குள் வாங்குகிறவரின் குழாய்க்கான உரிமையும் இருக்கலாம், அண்டை வீட்டார் குழாயைச் சகித்துக்கொள்ள வேண்டிய கடமையும் இருக்கலாம். எந்தக் குழாய் எதன் வழியாகப் போகிறது என்று ஒரு கைவரைபடம் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்தால் வழக்கில் பாதி குறையும்.

குறைகள் தெரிந்த பிறகு வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குழாயை மாற்றலாம், கழிவுநீர் திரும்பி வராமல் இருக்க கடைசிச் சேம்பருக்கு முன்னால் ஒருவழி வால்வு வைக்கலாம், மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரித்துக் கிணற்றுக்குத் திருப்பலாம், கொல்லைக் கழிப்பறையை முன்பக்கம் கொண்டுவரலாம். இவற்றுக்கு எஸ்டிமேட் வாங்கி விலையில் குறைக்கலாம். சரிசெய்ய முடியாதது பள்ளம் ஒன்றுதான். தெருவே தாழ்ந்திருக்கும் இடத்தில் தனி வீட்டுக்காரர் செலவழிக்கும் பணத்துக்கு எல்லை கிடையாது.

விற்பவருக்கும் கடமை உண்டு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த, வாங்குகிறவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. தரைக்கடியில் உடைந்த குழாய் அந்த வகையில் சேரக்கூடும். ஆனால் வாசலில் இருக்கும் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனத்துக்குள் அடங்கியதுதான் என்று விற்றவரின் வக்கீல் வாதிடுவார். அந்த வாதத்துக்கு எளிதில் பதில் கிடையாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.